விறைப்பான ஃப்ரீரைடு போர்டு வாங்கலாமா? நாகர்கோவில்ல உக்காந்து எழுதுன கேள்வி பதில்

குளச்சல் பக்கம் பொறந்து வளந்தவன் நான். கனடால பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் ஒரு ஹோட்டல் கிச்சன்ல 5 குளிர்காலம் வேலை பாத்தேன், லீவு கெடச்ச நாளெல்லாம் மலைலதான் கெடந்தேன், இப்பம் நாகர்கோவில்ல இருக்கேன். நம்ம மாவட்டத்து பயலுவ கனடா, ஜெர்மனி, ஜப்பான்னு போயிருக்கானுவ, பட்டாளத்துல காஷ்மீர்ல இருக்கானுவ, எல்லாரும் போன போட்டு பனிச்சறுக்கு பலகை, அதான் ஸ்னோபோர்டு, எத வாங்கன்னு ஒரே கேள்வியத்தான் மாத்தி மாத்தி கேக்கானுவ. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்ட வறண்டு போச்சு. அதான் எல்லாத்தயும் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

அண்ணா, கடற்கரைல இருந்துகிட்டு பனிச்சறுக்கு பலகையப் பத்தி எழுதுறீங்களே, நியாயமா?

நியாயந்தான் மக்கா. இந்த வெளையாட்டே அலைல இருந்து வந்ததுதான. 1965 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அமெரிக்காவுல மிச்சிகன்ல ஷெர்மன் பாப்பன்னு ஒருத்தர் தன் பொம்பளப் பிள்ளைங்க வெளையாட ரெண்டு ஸ்கீ பலகைய சேத்து அடிச்சு குடுத்தாரு, அதுக்கு ஸ்நோவையும் சர்ஃபையும் சேத்து ஸ்னர்ஃபர்னு பேரு வச்சாங்க. அலைய அறிஞ்சவனுக்கு பவுடர் பனி, அதான் புதுசா விழுந்து இறுகாம பஞ்சு மாதிரி கெடக்குறது, சீக்கிரம் பிடிபடும், இது எனக்க சொந்த அனுபவம்.

ஃப்ரீரைடு போர்டுன்னா என்ன, சாதா போர்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ரிசார்ட்ல மிஷின் ஓட்டி சமப்படுத்துன பாதைய விட்டு வெளிய, யாரும் தொடாத மலைல, மேல இருந்து கீழ வரைக்கும் வேகமா இறங்க செஞ்ச போர்டு. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்காது. மூக்கு நீளமா அகலமா இருக்கும், வாலு சின்னதா இருக்கும், கால் வைக்குற எடம் நடுவுல இல்லாம கொஞ்சம் பின்னால தள்ளி இருக்கும். டைரக்‌ஷனல்னு சொல்லுவாங்க. சாடுறதுக்குன்னே மேடு கட்டி வச்ச பார்க்ல சாடி சுத்தி பின்பக்கமா வந்து இறங்குறவனுக்கு ட்வின் போர்டு, அது ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கும். அவனுக்கு ஃப்ரீரைடு போர்டு குடுத்தா சண்டைக்கு வருவான்.

பிக் மவுண்டன்னு சொல்லுறது எவ்வளவு பெருசுன்னு ஒரு கணக்கு சொல்லுறேன். ரெவல்ஸ்டோக்னு ஒரு ரிசார்ட், லிஃப்ட்ல ஏறி கீழ வரைக்கும் இறங்குனா உயர வித்தியாசம் 1,713 மீட்டர். நம்ம மகேந்திரகிரி உச்சியே 1,650 மீட்டர் கிட்டதான். அதாவது மகேந்திரகிரி தலைல இருந்து கடல் வரைக்கும் ஒரே இழுப்புல சறுக்குறதுக்கு மேல. நடுவுல மூணு வகை பனி வந்துரும், மேல காத்து அடிச்சு இறுகுனது, நடுவுல பஞ்சு, கீழ ஈரமா சோறு குழைஞ்ச மாதிரி.

பவுடருக்கு விறைப்பான போர்டுதான் வேணும்னு கடைக்காரன் சொல்லுறான். உண்மையா?

இல்ல. இத ஒண்ண சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறேன். பவுடர்ல மிதக்குறதுக்கும் விறைப்புக்கும் நேரடி சம்பந்தம் கெடையாது. மிதக்க வைக்குறது பலகையோட பரப்பு, மூக்கு மேல தூக்கி இருக்குற வளைவு, கால் பின்னால தள்ளி இருக்குறது, வாலு குறுகலா இருக்குறது, இந்த நாலுந்தான். விறைப்பு எதுக்குன்னா வேகத்துக்கு. பத்து பேரு போயி உழுதுபோட்ட பனில, காத்தடிச்சு பக்கு கட்டுன சரிவுல, வேகமா போகும்போது மூக்கு மடங்காம எட்ஜு, அதான் ஓரத்து இரும்பு, பிடி விடாம இருக்கணும்ல, அதுக்குத்தான்.

எனக்க கதைய கேளு. மூணாவது குளிர்காலத்துல செகண்ட் ஹேண்ட் கடை ஒண்ணுல 164 செ.மீ. போர்டு, முழு கேம்பர் (நடு மேல தூக்குன வில்லு வளைவு), கல்லு மாதிரி விறைப்பு, விக்கிறவன் இது சாம்பியன் மாரு ஓட்டுறதுன்னு சொன்னான், நானும் வாய பொளந்துகிட்டு வாங்கிட்டேன். அடுத்த வாரமே ராத்திரியோட ராத்திரியா அரை மீட்டர் பனி. காலைல மரத்துக்கு நடுவுல இறங்குனேன், சரிவு கம்மி, வேகம் கம்மி, மூக்கு பைய உள்ள போச்சு, நான் பின்கால்ல அமுக்க அமுக்க தொட எரியுது, மூக்கு மேல வரவே இல்ல, கடைசில தலகுப்புற விழுந்து பைண்டிங்க, அதான் பூட்ஸ போர்டோட பிடிச்சு வைக்குற கட்ட, கழட்டி எந்திரிச்சா நெஞ்சளவு பனி. பாதை 100 மீட்டர் தூரத்துலதான், நடந்து வர 40 நிமிஷம். கூட வந்த க்யூபெக் பொண்ணு 152 போர்டுல, வளைஞ்சு குடுக்குற போர்டுதான், ஆனா அகலமானது, சும்மா வள்ளம் மாதிரி மிதந்து போயிட்டா.

நம்ம கடக்கரைல வள்ளம் அலை தாண்டும்போது என்ன செய்வாங்க? அணியத்துல, அதான் முன்பக்கத்துல, கனம் ஏத்த மாட்டாங்க. அணியம் முங்கிச்சுன்னா தீந்துச்சு கதை. அதே தான் இங்கயும், விறைச்ச மூக்க வச்சுகிட்டு மெதுவா போனா அது பனிய ஏறி மிதிக்காம குத்திட்டு உள்ள போகும்.

ஆனா அந்த 164-ஐ ரொம்பவும் திட்டவும் மனசு வரல. ரெண்டு வாரம் கழிச்சு அதே மலைல மேல இருக்குற திறந்த பள்ளத்துல, பனி விழுந்து நாலு நாள் ஆச்சு, எல்லாரும் உழுதுட்டாங்க, மேல காத்து வேற, அன்னைக்கு எனக்க பழைய மெத்து போர்டா இருந்தா ஒவ்வொரு பனிக் கட்டி மேலயும் துள்ளி பல்லு ஆடிருக்கும், இது ரயிலு தண்டவாளத்துல போற மாதிரி போச்சு. அன்னைக்குத்தான் மண்டைல ஏறிச்சு, போர்டு மேல தப்பில்ல, எந்த நாளுக்கு எதுன்னு தெரியாம வாங்குன எனக்க மேலதான் தப்பு.

ஆக, மரத்துக்கு நடுவுல மெதுவா பவுடர் ஓட்டத்தான் ஆசைன்னா நடுத்தர விறைப்பு, அகல மூக்கு. செங்குத்தான பெரிய மலை, வேகம், எந்த பனி வந்தாலும் இறங்கணும், அப்பம் விறைப்பு. ரெண்டும் வேணும்னா மூக்கு கொஞ்சம் மெத்துன்னும், காலுக்கு நடுவுலயும் வால் பக்கமும் விறைப்பாவும் உள்ளத தேடு. இப்பம் வர்ற நல்ல ஃப்ரீரைடு போர்டு ஒருபாடு அப்படித்தான் வருது.

பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பதுன்னு விறைப்பு நம்பர் போட்டிருக்கே, அத நம்பலாமா?

ஒரு கம்பெனியோட ரெண்டு போர்ட ஒப்பிட நம்பு. வேற வேற கம்பெனிய ஒப்பிட நம்பாத. எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கெடையாது, அவனவன் தன் போர்டுகளுக்குள்ள போட்டுக்குற மார்க்கு. ஒருத்தனோட 7 இன்னொருத்தனோட 9 மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, விறைப்பு ரெண்டு வகை. இத எனக்கு சொல்லிக் குடுத்தது பனியப் பாக்காத மனுசன். எங்க மாமா பைபர் வள்ளம் செய்யுறவரு, மேட்டு, ரோவிங்னு கண்ணாடி நார்த் துணி, ரெசின்னு ஒட்டுப் பசை, வாழ்நாள் பூரா அதுலயே கெடந்தவரு. நான் போர்ட வீட்டு திண்ணைல சாத்தி வச்சிருந்தேன். வந்தாரு, விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டுனாரு, வால தரைல ஊனி மூக்க பிடிச்சு நடுவுல உள்ளங்கையால அமுக்குனாரு, கொஞ்சந்தான் வளைஞ்சுது. பெறகு ரெண்டு கைலயும் மூக்க பிடிச்சு துணி பிழியுற மாதிரி முறுக்குனாரு. "லே, நீட்டுல விறைப்பு வேற, முறுக்குல விறைப்பு வேற, இதுல ரோவிங்க குறுக்க சாய்ச்சு போட்டிருக்கான்"னாரு. நான் வாயடைச்சுப் போயிட்டேன். உண்மைல போர்டுலயும் அதே கண்ணாடி நார்தான், நடுவுல மரம், மேலயும் கீழயும் ஃபைபர் கிளாஸ், ரெசின் போட்டு அமுக்குறது. ரெண்டு திசைல நார் ஓடுனா பைஆக்ஸ், மூணு திசைல ஓடுனா ட்ரைஆக்ஸ். ட்ரைஆக்ஸ் போர்டு முறுக்குல விறைக்கும், எட்ஜு நல்லா பிடிக்கும், ஆனா சின்ன தப்பையும் மன்னிக்காது. கடைல போனா மாமா செஞ்ச ரெண்டு சோதனையயும் செஞ்சு பாரு, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

கேம்பர், ராக்கர்னு குழப்புறாங்க. எத எடுக்க?

போர்ட தரைல வச்சா நடு மேல தூக்கி இருந்தா கேம்பர், வில்லு மாதிரி. நடு தரைல பட்டு ரெண்டு நுனியும் தூக்கி இருந்தா ராக்கர், வாழப்பழம் மாதிரி. கேம்பர் இறுகுன பனில பிடி குடுக்கும், ராக்கர் பவுடர்ல மிதக்கும். ஃப்ரீரைடுக்கு மூக்குல ராக்கர், காலுக்கு அடியில கேம்பர், வாலு கிட்டத்தட்ட நேர், இந்த கலவைய எடுத்தா பெரும்பாலும் சரியா வரும். முழு கேம்பரும் பவுடர்ல போகும், போகாதுன்னு இல்ல, ஆனா கால்ல தெம்பும் வேகமும் வேணும், மேல எனக்க 164 கதைய படிச்சியல்லா.

68 கிலோ, 5 அடி 8. எத்தன நீளம்?

தாடை வரைக்கும் மூக்கு வரைக்கும்னு நிப்பாட்டி அளக்குற பழைய முறைய விடு. போர்டுக்கு உன் உயரம் தெரியாது, எடை மட்டுந்தான் தெரியும். அதுவும் நீ வெறும் ஆளு எடை சொல்லுற, ஜாக்கெட், பூட்ஸ், முதுகுப்பை, தண்ணி எல்லாம் சேத்தா 6, 7 கிலோ கூடிரும். 65ல இருந்து 75 கிலோ வரைக்கும் உள்ளவனுக்கு ஃப்ரீரைடு போர்டு 156ல இருந்து 160 செ.மீ. சுமாரா சரியா இருக்கும், 75ல இருந்து 85க்கு 159ல இருந்து 164. மரத்துக்கு நடுவுல நெறைய போவேன்னா கம்மி பக்கம், திறந்த பெரிய சரிவுன்னா கூடுன பக்கம். ஒவ்வொரு கம்பெனியும் எடைக்கு ஒரு பட்டியல் போடுவான், கடைசி தீர்ப்பு அதுலதான்.

குட்டையா அகலமா ஒரு வகை வருது, வால்யூம் ஷிஃப்ட்னு பேரு. அத வழக்கமா ஓட்டுறதவிட 3ல இருந்து 8 செ.மீ. வரை குறைச்சுத்தான் எடுக்கணும். லிப் டெக் ஓர்கா அப்படிப்பட்டது. குட்டையா இருக்கேன்னு பயப்பட வேண்டாம், நீளத்துல போன பரப்ப அகலத்துல குடுத்திருவான்.

பாட்டா கடைல 9 நம்பர் செருப்பு போடுறேன். வைடு போர்டு வேணுமா?

நம்ம ஊரு 9 நம்பர்னா இங்கிலாந்து அளவு, அமெரிக்க அளவுல சுமார் 10, பாதம் 28 செ.மீ. பூட்ஸ் இத விட நீளம். பூட்ஸ் முன்னாலயும் பின்னாலயும் போர்டு ஓரத்த தாண்டி 1ல இருந்து 2 செ.மீ. வரை நீட்டலாம், அதுக்கு மேல போனா சாய்ஞ்சு திரும்பும்போது கட்டவிரல் பனில ஒரசி ஆளத் தூக்கிப் போட்டுரும். 28 பாதத்துக்கு நடு அகலம் 25.5ல இருந்து 26 செ.மீ. இருந்தா பயமில்ல. 10 நம்பருக்கு மேல உள்ளவன் வைடு தேடு. ஆனா ரொம்ப சின்ன கால் உள்ளவன் அகல போர்டு எடுத்தா எட்ஜு மாத்துறதுக்கே கணுக்கால் வலிக்கும், விறைப்பும் சேந்தா கேக்கவே வேண்டாம்.

டேப்பர், செட்பேக், சைட்கட். ஒரு வரில சொல்லுங்க.

ஒரு வரில வராது, முயற்சி பண்ணுறேன். மூக்கு அகலத்துக்கும் வால் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர், ஃப்ரீரைடுல 6ல இருந்து 10 மி.மீ., சுத்த பவுடர் போர்டுல 15, 20ன்னு போகும், வாலு அதுவாவே தாழும், மூக்கு அதுவாவே தூக்கும், உன் பின்கால் பிழைக்கும். செட்பேக் கால் வைக்கிற எடம் எவ்வளவு பின்னால தள்ளி இருக்குன்னு சொல்லுறது, 2 செ.மீ. சாதாரணம், பனி ஆழமான அன்னைக்கு ஸ்க்ரூவ கழட்டி இன்னும் ஒரு ஓட்டை பின்னால வச்சுக்கலாம். சைட்கட் ஓரத்து வளைவு, மீட்டர்ல சொல்லுவாங்க, பெரிய மலைக்கு 8 மீட்டருக்கு மேல, நம்பர் கூட கூட நீள வளைவா திரும்பும், குட்டி குட்டியா திரும்ப அடம்பிடிக்கும்.

கார்பன் போட்டது வெல கூட. தேவையா?

கார்பன் எடைய கூட்டாம விறைப்பு குடுக்கும், சரிதான். ஆனா வெறும் விறைப்ப மட்டும் கூட்டி அதிர்வ அடக்காம விட்டா வேகத்துல கால் தடதடன்னு நடுங்கும், மார்த்தாண்டம் ரோட்டுல ஷாக் அப்சார்பர் போன பைக் மாதிரி. அதுனால நல்ல போர்டுல எட்ஜுக்கு மேல மெல்லிசா ரப்பர் பட்டை வைப்பாங்க. நம்ம ரப்பர் தோட்டத்துக்காரங்களுக்கு சந்தோசமா இருக்கும். விறைப்பு எவ்வளவுன்னு கேக்குற மாதிரியே அதிர்வு அடக்கம் எப்படின்னும் கேளு. எனக்கு ரெண்டுல ஒண்ணுதான்னா அதிர்வு அடக்கத்தத்தான் எடுப்பேன்.

எந்த பிராண்டு?

இந்த கேள்வி வராத நாளே இல்ல. ஜோன்ஸ் ஃப்ளாக்‌ஷிப், பர்ட்டன் ஃப்ளைட் அட்டெண்டன்ட், இந்த ரெண்டும் ஃப்ரீரைடு பேச்சு வந்தா எல்லார் வாயிலயும் வரும், ரெண்டும் மேல சொன்ன கலவை வளைவுதான். பர்ட்டன் கஸ்டம் எக்ஸ் விறைப்புதான், ஆனா அது கேம்பர் போர்டு, சமப்படுத்துன பாதைல கத்தி மாதிரி வெட்டும், பவுடருக்குன்னே வாங்குறவன் அத வாங்க வேண்டாம். பர்ட்டன் போர்டுல பைண்டிங் மாட்ட நடுவுல நீளக் கோடு மாதிரி சேனல் இருக்கும், மத்தவங்க ஓட்டை வச்சிருப்பாங்க, உன் பைண்டிங் அதுக்கு பொருந்துமான்னு பாத்துட்டு காச குடு. பிராண்டுல பாதி விளம்பரம், நான் சொன்ன அளவுகள் பொருந்துனா ஸ்டிக்கர் என்னவா இருந்தாலும் கொள்ளாம்.

பூட்ஸும் பைண்டிங்கும் பழசு இருக்கு, போர்டு மட்டும் மாத்துனா போதுமா?

போதாது. விறைச்ச போர்டுக்கு தொளதொள பூட்ஸ் போட்டா ஸ்டீயரிங் ஆடுற லாரி ஓட்டுற மாதிரி. காசு கம்மின்னா மொதல்ல பூட்ஸ், பெறகு போர்டு, கடைசில பைண்டிங். பூட்ஸ ஆன்லைன்ல வாங்காத. கடைல மாட்டி முட்டிய மடக்கி நில்லு, குதிகால் தூக்கக் கூடாது, விரல் முன்னால லேசா தொடணும், நசுங்கக் கூடாது. போட்டுகிட்டு கால் மணி நேரம் கடைக்குள்ளயே சுத்து.

நான் இப்பதான் பழகுறேன். நேரா இதுவே வாங்கி பழகிக்கலாமே?

வேண்டாம் லே. ஓட்டத் தெரியாதவனுக்கு விறைச்ச போர்டு எதிரி. மெதுவா போகும்போது அது வளையாது, வளையலன்னா நீ திரும்ப முடியாது, திரும்ப முடியலன்னா பயந்து பின்னால சாய்வ, சாய்ஞ்சா எட்ஜு மாட்டி விழுவ. வாடகைக்கு மெத்து போர்டு எடு, ரெண்டு பக்க எட்ஜுலயும் செங்குத்தான எடத்துல நிப்பாட்டி நிப்பாட்டி இறங்க வரட்டும், பெறகு பேசுவோம். அவசரப்பட்டா வெப்ராளந்தான் மிஞ்சும்.

கனடா எல்லாம் போக மாட்டேன், காஷ்மீர்ல குல்மார்க் மட்டுந்தான். அப்பம்?

குல்மார்க்க கம்மியா எடை போடாத. கோண்டோலா, அதான் கம்பில தொங்கிப் போற வண்டி, ரெண்டு கட்டமா போகும், மொதக் கட்டம் கோங்டோரி, சுமார் 3,080 மீட்டர், ரெண்டாவது அஃபர்வாத் மலைப் பக்கம் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரை. ரெண்டாவது கட்டம் 2005ல வந்துச்சு. மேல மரமே கெடையாது, திறந்த பெரிய சரிவு, கீழ வந்தா ஊசியிலைக் காடு. ஜனவரி, பிப்ரவரில பனி நல்லா இருக்கும். அங்க நடுத்தரத்துல இருந்து கொஞ்சம் விறைப்பு, நல்ல மூக்கு, அகலமான போர்டு பொருத்தம். முழு விறைப்பு வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா புதுப்பனி விழுந்த நாள்ல பனிச்சரிவு பயத்துல மேல் கட்டம் மூடியே இருக்கும், அன்னைக்கு நீ கீழ காட்டுக்குள்ளதான் சுத்தணும், காட்டுக்குள்ள விறைச்ச நீள போர்டு என்ன செய்யும்னு ஏற்கனவே சொல்லிட்டேன். வருஷத்துக்கு ஒரு வாரந்தான் போவேன்னா வாங்கவே வேண்டாம், பூட்ஸ் மட்டும் சொந்தமா வச்சுக்க, போர்ட அங்க வாடகைக்கு எடு. காலைல போயி எட்ஜு, அடிப்பக்கம் எல்லாம் கைவச்சு தடவிப் பாத்து எடு, அம்புட்டுதான்.

பனிச்சரிவு பயம் இருக்குங்களா? அதுக்கும் போர்டுக்கும் என்ன சம்பந்தம்?

போர்டு பட்ஜெட்டோட சம்பந்தம். எல்லா காசையும் போர்டுல போட்டுட்டு வெறுங்கையோட பாதைய விட்டு வெளிய போறவன நான் ஒருபாடு பாத்திருக்கேன். ட்ரான்சீவர், ப்ரோப், சவல், மூணும் இல்லாம ஃப்ரீரைடு பேச்சே எடுக்காத. ட்ரான்சீவர் 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் விடும், கூட வர்றவன் அத வச்சு உன்னத் தேடுவான், ப்ரோப்ல குத்திப் பாப்பான், சவல்ல தோண்டுவான். பனிக்குள்ள மூடுனவன மொத 10, 15 நிமிஷத்துக்குள்ள எடுத்தாத்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு, மீட்புக்காரங்க வர்றதுக்குள்ள அந்த நேரம் போயிரும், அதனால கூட வர்றவந்தான் உனக்கு ஆஸ்பத்திரி. மொபைல ட்ரான்சீவர்ல இருந்து 20 செ.மீ.யாவது தள்ளி வை, தேடும்போது 50 செ.மீ., இல்லன்னா சிக்னல் குழம்பும்.

30ல இருந்து 45 டிகிரி சாய்வுலதான் பெரும்பாலும் பனி உடைஞ்சு சரியும், ஃப்ரீரைடு ஓட்ட ஆசைப்படுற சரிவும் அதேதான், அங்கதான் சிக்கலே. குல்மார்க்ல 2023 பிப்ரவரில 2 போலந்துக்காரங்க, 2024 பிப்ரவரில ஒரு ரஷ்யாக்காரர் பனிச்சரிவுல செத்துப் போனாங்க. 4 தடவ உலக சாம்பியன் ஆன கிரெய்க் கெல்லி, பவுடர் ஓட்டுறதுல அவர மிஞ்ச ஆள் இல்லன்னு சொல்லுவாங்க, அவரே 2003 ஜனவரில ரெவல்ஸ்டோக் பக்கம் பனிச்சரிவுல போனாரு, கூட 6 பேரும். நம்ம கடக்கரைல அனுபவம் உள்ளவன் கறுத்த மேகம் கண்டா வள்ளம் இறக்க மாட்டான். மலைலயும் காலைல பனிச்சரிவு அறிவிப்பு பாத்துட்டு சரியில்லன்னா சாயா குடிச்சுட்டு ரூம்ல கெட.

மரத்தடிய சுத்தி பனி உள்ளீடு இல்லாம குழியா இருக்கும், தலகீழா உள்ள விழுந்தா மூச்சு முட்டிரும், வெளிய வர முடியாது. காட்டுக்குள்ள தனியா போகாத, கூட்டாளி கண்ணுக்கு தெரியுற தூரத்துலயே இரு.

ஸ்பிளிட்போர்டு வாங்கவா?

லிஃப்ட் இல்லாத மலைல ஏறி இறங்க ஆசையும் பனிச்சரிவு படிப்பும் இருந்தா வாங்கு. போர்டு நீளவாக்குல ரெண்டா பிரியும், அடியில ஸ்கின்னு சொல்லுற வழுக்காம பிடிக்குற பட்டைய ஒட்டி ஸ்கீ மாதிரி நடந்து ஏறி, மேல போயி சேத்து மாட்டி இறங்கணும். ரெண்டு துண்டா இருக்குறதால ஒரே துண்டா உள்ள போர்டு அளவுக்கு விறைப்பு உணர்வு வராது. மொத போர்டா இது வேண்டாம்.

பழைய போர்டு கெடச்சா வாங்கலாமா? புதுசு 600, 700 டாலர்னு சொல்லுறானுவளே.

வாங்கலாம், ஆனா என்ன மாதிரி வாய பொளக்காம வாங்கு. எட்ஜு மேல நகத்த ஓட்டு, விரிசல் இருந்தா தட்டும். ஓரத்துல மேல் தகடும் அடித்தகடும் பிரிஞ்சு வாய் திறந்திருக்கான்னு பாரு, அங்க தண்ணி ஏறி உள்ள மரம் ஊறிரும். அடியில மரம் தெரியுற அளவுக்கு கல்லடி இருக்கா பாரு. எட்ஜு ஓரத்துல உள்ள கல்லடிதான் ஆபத்து, நடுவுல உள்ளத உருக்கி அடச்சுரலாம். பைண்டிங் ஓட்டைல ஸ்க்ரூ போட்டு ஒவ்வொண்ணா முறுக்கிப் பாரு. பெறகு கேம்பர் போர்டுன்னா தரைல வச்சுப் பாரு, நடுவுல வெளிச்சம் தெரியணும். தெரியலன்னா வில்லு செத்துப் போச்சு, எவ்வளவு கம்மிக்கு குடுத்தாலும் வேண்டாம். எனக்க 164 அப்படி ஒண்ணும் சாவல, அதையும் சொல்லணும்ல.

ஊர்ல இருந்து எப்படி பயிற்சி எடுக்க? பனியே இல்லையே.

மருந்துவாழ் மலை ஏறு. ஏறுறது மூச்சுக்கு, ஆனா போர்டுக்கு வேண்டியது இறங்குறது. முதுகுல 8 கிலோ பை போட்டுகிட்டு முட்டிய லேசா மடக்கி பைய இறங்கு, மறுநாள் தொட சொல்லும். விறைச்ச போர்ட வளைக்குறது தொடதான். ஸ்கேட்போர்டு கெடச்சா நல்லது. கட்டுமரத்துல நின்னு பழகுன பயலுவளுக்கு இந்த அறிவுரை எதுவும் வேண்டாம், அவனுவ மொத நாளே நின்னுருவானுவ.

கடைசியா, போர்ட நம்ம ஊர்ல எப்படி வச்சுக்குறது? உப்புக் காத்துல துரு ஏறாதா?

ஏறும். எனக்கு ஏறிச்சு. எட்ஜு இரும்பு, நாகர்கோவில்லயே மழக்காலத்துல ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், குளச்சல்ல கேக்கணுமா. சீசன் முடிஞ்சதும் துடச்சு நல்லா காய வச்சு, அடியில மெழுக இஸ்திரிப்பெட்டியால உருக்கி கனமா தடவி எட்ஜு மேலயும் மூடுற மாதிரி விட்டுரு, சுரண்டாத. இஸ்திரிப்பெட்டி பழசா தனியா வச்சுக்க, அதுல சட்ட தேய்க்க முடியாது, எங்க வீட்டுல இதுக்கு ஒரு சண்டையே நடந்துச்சு. அடுத்த தடவ போறதுக்கு முன்னால சுரண்டிட்டு போற எடத்து குளிருக்கு ஏத்த மெழுகு போடு. பைண்டிங்க கழட்டி வை, ஸ்க்ரூவ டப்பால போட்டு பேரெழுதி வை. வெயில்ல சாத்தாத, கார் டிக்கில போட்டு மறந்துராத, சூட்டுல ஒட்டு விடும். பைக்குள்ள ஈரத்தோட மூடி வச்சா ஒரே மாசத்துல எட்ஜு செம்மண் கலருக்கு வந்துரும், லேசான துருன்னா டயமண்ட் கல்லு வச்சு உரசுனா போயிரும்.

நான் இப்பம் 164-ஐ படுக்க ரூம்ல கட்டிலுக்கு அடியில படுக்க வச்சிருக்கேன். மெழுகு பூசி காய திண்ணைல வச்சிருந்த அன்னைக்கு அம்மா வந்து ரெண்டு தடவ சுத்திப் பாத்துட்டு கேட்டா, "மக்கா, சும்மாதான கெடக்கு, இதுல நெத்திலி காயப் போடட்டா?"